வேரில்லாப் புல்

ஸ்ரீராம்புரத்தில் கொல்லையுள்ள வீடு ஒன்றில் வாழ்கிறேன் என்று நான் சொன்னால், இப்பகுதியை அறிந்தவர்கள் நம்புவதில்லை. சுவரோடு சுவர் உரசி, மாடிக்குமேல் மாடி ஏறி, ஒரு வீட்டில் தாளித்தால் நான்காம் வீட்டில் தும்மல் எழும் இடம் இது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து ஆலை வேலை தேடிவந்த தமிழ்க் குடும்பங்கள் கிடைத்த இடத்தில் தலைசாய்த்து, பின்னர் அதையே ஊராக ஆக்கிக்கொண்டன. என் தந்தையாரும் அவ்வாறு வந்தவரே. மல்லேசுவரத்து ராஜா மில்லில் நூல் நூற்றார். அந்த ஆலை இருந்த நிலத்தில் இன்று மந்திரி வணிக வளாகம் நிற்கிறது; அங்கு நகரும் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் சங்கொலி ஒன்று காதில் விழுவதுபோல் எனக்கு மட்டும் தோன்றும்.

தந்தையார் தம் வாழ்நாளில் செய்த ஒரே ஆடம்பரம், வீட்டைச் சிறிதாகக் கட்டிப் பின்புறம் மண்ணை விட்டுவைத்ததுதான். 20 அடி அகலம், 34 அடி நீளம். மூலையில் ஒரு கிணறு, அதன் அருகே துவைகல், எதிர்மூலையில் முருங்கை. மற்றதெல்லாம் வெறும் செம்மண். அந்தச் செம்மண்ணில்தான் நாங்கள் சந்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஹாக்கி ஆடினோம். கொய்யாக் கிளையின் வளைந்த கணுவே மட்டை. தேய்ந்துபோன கார்க்குப் பந்தே பந்து. துவைகல்லில் பட்டால் ஆட்டம் நிற்கும், கிணற்றில் விழுந்தால் அன்றைய பொழுது முடிந்தது. மண்ணின் மேடுபள்ளம் முழுவதும் எங்கள் உள்ளங்காலுக்குத் தெரியும். எந்த இடத்தில் பந்து துள்ளும், எந்த இடத்தில் சோம்பும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம்.

அந்தக் கொல்லையில் இப்போது செயற்கைப் புல் கிடக்கிறது. விரித்தவன் நான். அதற்கு நான் எவ்வாறு இசைந்தேன் என்பதைத்தான் இங்கு எழுத எண்ணுகிறேன்.

என் பேத்திக்கு அப்போது 12 வயது. 2024ஆம் ஆண்டு பள்ளி ஹாக்கி அணியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளித் திடல் மண் திடல். போட்டியோ சாந்திநகரிலுள்ள பீல்டு மார்ஷல் கரியப்பா ஹாக்கி அரங்கத்தில், செயற்கைத் தளத்தில். முதல் போட்டி முடிந்து வந்தவள் மட்டையைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, என் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தாத்தா, அங்க பந்து நிக்கவே மாட்டேங்குது.”

அவள் பாட்டி, “அதுக்கா கண்ணு அழறே?” என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் எழவில்லை. ஏறத்தாழ இதே சொற்களை 1983இல், இதே வீட்டின் திண்ணையில், நான் என் தந்தையாரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கதைக்குச் சற்று முன்னே செல்ல வேண்டும். 1975 மார்ச் 15 அன்று கோலாலம்பூரில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. எனக்கு வயது பதின்மூன்று. அதற்கு மறு ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக். தமிழகத்து வீரர்களான வாசுதேவன் பாஸ்கரனும் வி. ஜே. பிலிப்ஸும் அணியில் இருந்ததால், தங்கம் எங்கள் சந்துக்கே வந்துவிட்டது போன்ற நினைப்பு. 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம். 1972 வரை ஒருமுறையும் பதக்கமின்றித் திரும்பியதில்லை. அப்படிப்பட்ட அணி ஆஸ்திரேலியாவிடம் 6–1 எனத் தோற்று, ஏழாம் இடத்துடன் திரும்பியது. தேநீர்க் கடையில் செய்தித்தாளை விரித்துவைத்திருந்த பெரியவர் ஒருவர், “புல்லுல ஆடலையாம்பா, பிளாஸ்டிக்குல ஆடினாங்களாம்” என்றார். பிளாஸ்டிக்கில் எவ்வாறு ஆடுவது என்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. வாளியும் சோப்புப் பெட்டியுமே அன்று நாங்கள் அறிந்த பிளாஸ்டிக்.

ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தளத்தில் நடந்தது அதுவே முதன்முறை. தளம் மாறினால் ஆட்டம் மாறும் என்பதை ஆடியவர்கள் அறிவர். புல்லிலும் மண்ணிலும் பந்து தத்தித் தத்தி வரும்; அதை நிறுத்துவதே ஒரு வித்தை. நிறுத்தியபின் மட்டையோடு ஒட்டவைத்து, இடமும் வலமுமாக உருட்டி, எதிரியின் காலடியில் கண்கட்டு வித்தை காட்டுவது நம்மவர் கலை. செயற்கைத் தளத்திலோ பந்து கண்ணாடி மேல் ஓடுவதுபோல் நேராகவும் விரைவாகவும் ஓடும். ஓங்கி அடிப்பவனுக்கும், தொலைவுக்குத் தள்ளுபவனுக்கும், ஆட்டம் முழுவதும் மூச்சுவாங்காமல் ஓடுபவனுக்கும் அது துணை. 1980இல் மாஸ்கோவில் பாஸ்கரன் தலைமையில் நாம் ஸ்பெயினை 4–3 என வென்று தங்கம் பெற்றதும் செயற்கைத் தளத்தில்தான் என்பதை மறுக்க முடியாது. எனினும், பல வலிய நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன என்பதையும் மறைக்க முடியாது. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுக்காக நம் நாட்டிலேயே அத்தளத்தை விரித்தோம். அதன்மேல் பாகிஸ்தானிடம் 7–1 என வாங்கிக்கட்டிக்கொண்டோம்.

மறு ஆண்டு வடக்கே ஒரு தேர்வு முகாமுக்கு எனக்கு அழைப்பு வந்தது. காலணி வாங்கவும் பயணச் செலவுக்குமாக அம்மாவின் வளையல் ஒன்று அடகுக் கடைக்குச் சென்றது. அங்குதான் வாழ்வில் முதன்முதலாகச் செயற்கைப் புல்லின்மேல் கால்வைத்தேன். நாற்பது நிமிட ஆட்டம். எனக்கு வந்த பந்துகளில் பாதிக்கு மேல் மட்டையைத் தாண்டி ஓடின. நான் மண்ணின் துள்ளலை எதிர்பார்த்து மட்டையைச் சற்று உயர்த்திப் பிடிப்பேன். பந்து துள்ளாமல் அடியில் நழுவிவிடும். எவர்மேலும் குற்றமில்லை. ஊருக்குத் திரும்பித் தந்தையாரிடம் அந்த ஒரு வரியைச் சொன்னேன். அவர் எதுவும் கேட்கவில்லை. வளையலை மீட்க இரண்டாண்டு ஆயிற்று.

ஆகவே, பேத்தி அழுத அன்று இரவே நான் முடிவுசெய்துவிட்டேன். வீட்டார் முடிவுசெய்யத்தான் சில மாதம் பிடித்தது.

மகன் சிமெண்டுத் தரை போதும் என்றான். பேத்தியின் அம்மா, உண்மையான புல்லே வளர்க்கலாமே என்றாள். அது அழகான யோசனை. ஆனால், அதே 2024 மார்ச்சில்தான் பெங்களூர் முழுவதும் தண்ணீருக்குத் தவித்தது. தோட்டத்திற்கும் வண்டி கழுவுவதற்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில் புல்லுக்கு நீர் ஊற்ற எவருக்கு மனம் வரும்? மனைவி மட்டும் தொடக்கம் முதல் இறுதிவரை எதிர்த்தாள். “முருங்கையை வெட்டிட்டு வடாம் எங்கே காயவைக்கிறது?” என்பது அவள் கேள்வி. அதற்கு விடை சொல்ல எங்களில் ஒருவராலும் இயலவில்லை.

இவ்விடத்தில் செயற்கைப் புல்லின் பிறப்பைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட மண் இல்லை, கிராமத்துப் பிள்ளைகளைவிட அவர்கள் உடல் நலிந்திருக்கிறார்கள் என்ற கவலையில், போர்டு அறக்கட்டளையின் தூண்டுதலால் தொடங்கிய முயற்சி அது. 1964இல் பிராவிடன்ஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் முதலில் விரித்தார்கள். புகழ் பெற்றது ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தில். 1965இல் திறந்த அந்த அரங்கத்திற்குக் கண்ணாடிபோன்ற கூரை. கீழே பெர்முடாப் புல். கூரையின் கூச்சத்தில் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் முறையிட, கூரைக்குச் சாயம் பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. செத்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்து ஆண்டை ஓட்டிவிட்டு, 1966இல் நைலான் புல்லை விரித்தார்கள். அரங்கத்தின் பெயரே ஆஸ்ட்ரோடர்ப் என்று புல்லுக்கும் ஆயிற்று. பெர்முடாப் புல் என்பது வேறொன்றுமன்று, நாம் பிள்ளையாருக்குச் சூட்டும் அருகம்புல்லின் இனமே. எத்தனை வெயிலிலும் மடியாத அருகைச் சாயம் பூசிக் கொன்ற கதை அது. ஆனாலும் நகரத்துப் பிள்ளைகளின் பொருட்டுத் தொடங்கியது என்ற செய்தி, ஸ்ரீராம்புரத்தில் இருந்து படிக்கையில் ஏனோ மனத்தை இளக்கியது.

ஒப்பந்தக்காரர் வந்து அளந்தார். “நாலு அங்குலம் கான்கிரீட் போட்டு மேலே ஒட்டிட்டா மூணே நாள் வேலை சார். பூண்டு முளைக்காது, பூச்சி வராது” என்றார். எனக்கு அதுதான் ஆகவில்லை. கொல்லை 680 சதுர அடி. ஏறக்குறைய 63 சதுர மீட்டர். இந்நகரில் ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெருக்கிப் பார்த்தால் 60,000 லிட்டருக்கு மேல். இத்தனை ஆண்டுகளாக அந்நீரை எங்கள் மண் குடித்து வந்தது. கான்கிரீட் போட்டால் அது சந்தில் இறங்கி, சந்தின் தாழ்ந்த முனையிலுள்ள இரண்டு வீடுகளின் வாசற்படி ஏறும். அவ்வீடுகளில் இருப்பவர்கள் என்னோடு கொய்யாக்கிளை ஏந்தியவர்கள். கணக்கைச் சொன்னேன், அவர் சிரித்தார். ஜல்லி அடித்தளம் என்றால் செலவும் கூடும், நாளும் கூடும் என்றார். கூடட்டும் என்றேன். இறுதியில் எல்லாம் சேர்ந்து ஒன்றேமுக்கால் லட்சம் ஆயிற்று. ஓய்வுபெற்ற ஒருவனுக்கு அது சிறு தொகையன்று.

முதலில் கிணற்றைத் தூர்வாரினோம். தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் குலத்தார் இந்நகரைச் சுற்றி இன்றும் இருக்கிறார்கள். இருவர் வந்து, இரண்டு நாளில் சேறு அகற்றி, கயிற்றில் ஏறி வெளியே வந்தார்கள். வாளி வாளியாக வந்த சேற்றில் நாங்கள் தொலைத்த பந்துகள் வரும் என்று நான் காத்திருந்தது வேடிக்கைதான். ஒன்றும் வரவில்லை. உடைந்த சாம்பார்க் கரண்டி ஒன்று வந்தது.

பிறகு முருங்கை. அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. வெட்டிய அன்று மனைவி அடுப்பு மூட்டவில்லை.

எட்டு அங்குல ஆழத்திற்கு மண்ணை எடுத்தார்கள். எங்கள் சந்தில் லாரி நுழையாது. சிறு சரக்கு ஆட்டோவில் இருபதுக்கும் மேற்பட்ட நடை. தோண்டியபோது கோலிக்குண்டுகள், ஓட்டாஞ்சில்லு, நூல் சுற்றும் மரப் பாபின் ஒன்று ஆகியவை கிடைத்தன. பாபின் தந்தையார் காலத்தது. அது இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மண்ணின்மேல் நெய்யாத துணியொன்றை விரித்தார்கள். ஜல்லி மண்ணில் புதையாமலும் மண் ஜல்லிக்குள் ஏறாமலும் அது காக்கும். அதன்மேல் 40 மில்லிமீட்டர் ஜல்லி, அதன்மேல் 12 மில்லிமீட்டர் ஜல்லி, மேலே ஓர் அங்குலம் கல்தூள். ஒவ்வோர் அடுக்கையும் அதிர்வுப் பொறியால் இறுக்கினார்கள். அக்கம்பக்கத்தில் பாத்திரங்கள் ஆடின. வீடுவீடாகச் சென்று பொறுத்தருள வேண்டினேன். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும். 34 அடிக்கு நான்கு அங்குலம். சரிவைக் கிணற்றின் பக்கமாக வைத்து, கிணற்றோரம் ஒரு வடிகட்டுக் குழி அமைத்தோம்.

புல் சுருளாக வந்தது. ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் அகலம். மூன்று சுருள் விரித்தால் ஆறு மீட்டர். 20 அடிக்கு நான்கு அங்குலம் குறைவு. அந்த இடைவெளியைச் சுவரோரம் மண்ணாகவே விட்டுவிட்டோம். இழை 15 மில்லிமீட்டர் உயரம். கால்பந்துக்கு உரிய புல் இதைவிட மூன்று நான்கு மடங்கு உயரம். ஹாக்கிக்குக் குட்டைப் புல்தான் ஏற்றது. பன்னாட்டுப் போட்டித் தளங்களில் ஆட்டத்திற்கு முன் நீர் பாய்ச்சி நனைப்பார்கள். தண்ணீர்ப் பஞ்சத்துக்குத் தப்ப விரிக்கும் புல்லுக்கும் தண்ணீர்! எங்களுக்கு மணல் நிரப்பும் வகையே போதும் என்றேன்.

விரிக்க வந்தவர்கள் ஒடிசாவினர். அவர்களுள் ஓர் இளைஞன் சுந்தர்கர் மாவட்டத்தான். ஹாக்கிக்குப் பேர்போன மண் அது. வேலை முடிந்த மாலையில் பேத்தியின் மட்டையை வாங்கி, விரிக்காத கல்தூளின்மேல் பந்தை உருட்டிக் காட்டினான். வெறுங்கால். பந்து மட்டையில் பசைபோட்டாற்போல் வந்தது. தன் ஊரில் மூங்கில் மட்டையால் ஆடிப் பழகியதாகவும், ஊர்ப் போட்டியில் வென்ற அணிக்கு ஆட்டுக்கடா பரிசு என்றும், தன் அணி இரண்டு கடா வென்றதாகவும் அரைகுறை இந்தியில் சொன்னான். செயற்கைத் தளத்தில் ஆடியதுண்டா என்று கேட்டேன். “விரித்திருக்கிறேன் ஐயா, ஆடியதில்லை” என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஆனால், அவன் வராத மறுநாள் ஒரு பிழை நேர்ந்தது. புல்லிழைகளுக்கு ஒரு சாய்வு உண்டு. எல்லாச் சுருளும் ஒரே திசையில் சாய வேண்டும். நடுச் சுருளை மாற்றி விரித்து ஒட்டிவிட்டார்கள். மாடியிலிருந்து பார்த்தால் இரண்டு பச்சை தெரிந்தது, கரைமாற்றி நெய்த புடவைபோல. நிறம் போகட்டும் எனலாம். பந்து நடுச் சுருளில் ஏறியதும் போக்கு மாறிற்று. ஒப்பந்தக்காரர், “பழகிடும் சார்” என்றார். தளத்தின் குறையைப் பழகிக்கொள்வதில் எனக்கு இருந்த வரலாற்றை அவர் அறியமாட்டார். பிரித்து மீண்டும் ஒட்டும்வரை நான் வாயிற்படியை விட்டு எழவில்லை.

இறுதியில் 20 மூட்டை சிலிக்கா மணலைத் தூவித் துடைப்பத்தால் இழைகளுக்கிடையே இறக்கினார்கள். பழைய டயரை அரைத்த ரப்பர்த் துகள் போட்டால் மெத்தென்றிருக்கும் என்றார்கள், மறுத்துவிட்டேன். அத்துகள் மண்ணிலும் நீரிலும் கலப்பதைக் கண்டு, 2023இல் ஐரோப்பிய ஒன்றியம், எட்டாண்டுத் தவணைக்குப் பின் அவ்வகைத் துகள்களின் விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது. எங்கள் வடிகட்டுக் குழியோ கிணற்றுக்குப் போகிறது. புல்லிழையும் பிளாஸ்டிக்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆம். எட்டுப் பத்து ஆண்டுகளில் தேய்ந்தபின் இதை எங்கே எறிவது என்று கேட்டதற்கு, “அப்புறம் பாத்துக்கலாம் சார்” என்ற விடையே கிடைத்தது. எனக்கும் வேறு விடை தெரியாது. அக்குற்றவுணர்வு தீரவில்லை.

2025 பிப்ரவரியில் ஆட்டம் தொடங்கியது. முதல் வாரம் பேத்தி தனியே ஆடினாள். மகன் பக்கக் கதவுக்குப் பூட்டு வாங்கிவந்தான். இத்தனை செலவுசெய்த பொருளைக் கண்டவரும் மிதிக்கலாமா என்பது அவன் வாதம். எங்களுக்குள் சிறிது பேச்சு முற்றியது. அந்தக் கொல்லைக்கு ஒருநாளும் பூட்டு இருந்ததில்லை. தாழ்ந்த முனையிலுள்ள வீட்டுப் பேரன்கள் இருவர் கதவிடுக்கில் கண்வைத்து நிற்பதைப் பார்த்தேன். பூட்டு இப்போது அரிசிப் பானை இருக்கும் அலமாரியில் தொங்குகிறது. மாலை நான்கு முதல் ஆறரை வரை, காலணியின் சேற்றைத் தட்டிவிட்டு, எவரும் வரலாம்.

சூட்டைத்தான் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஏப்ரல் நண்பகலில் வெறுங்காலோடு இறங்கிய நான் துள்ளிக்கொண்டு திண்ணை ஏறினேன். வெயிலில் இவ்வகைத் தளம் 60 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும் என்பது பல ஆடுகளங்களில் அளந்து கண்ட செய்தி. செம்மண் ஒருநாளும் எங்கள் காலைச் சுட்டதில்லை.

அந்த ஆண்டு மே 18 இரவு நகரமே மிதக்கும்படி மழை கொட்டியது. நள்ளிரவில் கைவிளக்கோடு கொல்லைக் கதவைத் திறந்தேன். புல்லின்மேல் நீர் ஒரு விரற்கடை நின்றது. என் நெஞ்சும் சற்று நின்றது. பின்னர் கிணற்றுப் பக்கமிருந்து கலகலவென்று ஓசை கேட்டது. கால்மணி நேரத்தில் புல் தெரிந்தது. தாழ்ந்த முனை வீடுகளுக்குச் சென்று பார்த்தேன். தெருநீர் வழக்கம்போல் வாசலில் இருந்தது. எங்கள் கொல்லையின் நீர் அதில் இல்லை. அவ்வளவுதான் என்னால் இயன்றது.

பேத்தி இப்போது பந்தை நிறுத்துகிறாள். மட்டையைத் தரையோடு தாழ்த்தி, கிட்டத்தட்டப் படுக்கவைத்து நிறுத்த வேண்டும் என்பதை அவள் பயிற்சியாளர் கற்பித்தார். எனக்கு அது தெரியாது. 2021 ஆகஸ்டு 2 அன்று டோக்கியோவில் நம் பெண்கள் அணி ஆஸ்திரேலியாவை 1–0 என வென்ற ஆட்டத்தைப் பலமுறை போட்டுப் பார்க்கிறாள். அந்த நாட்டின் பெயர் என் காதில் வேறுவிதமாக விழும் என்பதை அவளிடம் சொன்னதில்லை. நான் அவளுக்குக் கற்பிப்பது பழைய உருட்டல் ஒன்றே. தேவையா என்று தெரியாமல்தான் கற்பிக்கிறேன்.

மனைவியின் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. சித்திரை வெயிலில் ஒருநாள் அவளே பழைய வேட்டியொன்றைப் புல்லின்மேல் விரித்து, வடாம் பிழிந்தாள். இரண்டு நாளில் காய்வது ஒரே நாளில் சலசலவென்று காய்ந்துவிட்டது. அன்றுமுதல் வெயிற்காலத்து நண்பகல் கொல்லை அவளுடையது. நான்கு மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது உடன்படிக்கை. ஒரு ஞாயிறன்று அவள் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டாள். சந்துப் பிள்ளைகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். “பாட்டியை எழுப்பாதீங்க” என்று சொல்லிவிட்டுப் பேத்தி பந்தை எடுத்தாள். கிணற்று முனையிலிருந்து தொடங்கி, வேட்டியின் ஓரத்தோடு, இடமும் வலமுமாக, விலகிக் கிடந்த வடாங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து மறுமுனை வரை கொண்டுபோனாள். ஒரு வடாமும் உடையவில்லை.